உச்சவேக வரம்புகட்டி: ஒரு சொல் முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

வண்டி ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போகாதபடி எஞ்சினை அடக்கும் ஏற்பாடான ‘ஸ்பீடு லிமிட்டர்’ என்பதற்குத் தமிழ்ச் சொற்களாக முன்வைக்கப்பட்ட ‘வேகத்தடுப்பி’, ‘வேகக் கட்டுப்பாட்டுக் கருவி’ ஆகிய இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. அந்த ஏற்பாடு வண்டிக்குள் செய்யும் வேலையை இரண்டுமே தவறாகச் சொல்கின்றன.

பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ் போன்ற ஜெர்மன் நிறுவனங்கள் 1980களின் பிற்பகுதியில் தமக்குள் ஓர் உடன்பாடு கண்டு, தம் கார்களின் உச்சவேகத்தை மணிக்கு 250 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொண்டன. அத்தகைய கார் ஜெர்மனியின் விரைவுச்சாலையான ஆட்டோபானில் 250-ஐ நெருங்கும்போது, ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்திருந்தாலும், சக்கர உணரிகள் தரும் வேகத்தை இடைவிடாமல் கணக்கிட்டுவரும் எஞ்சின் கட்டுப்பாட்டகம் (எஞ்சினை நடத்தும் சிறு கணினி), காற்று செல்லும் வழியிலுள்ள த்ராட்டிலைச் சற்றே மூடியோ, எரிபொருள் பீச்சலைக் குறைத்தோ, வேகம் மேலும் கூடுவதற்கான விசையைத் தர மறுத்துவிடுகிறது. அங்கே தனிக் கருவி என்று எதுவுமில்லை; மென்பொருளில் எழுதப்பட்ட ஓர் எண்தான் இருக்கிறது.

பொதுவாக இந்த ஏற்பாடு பிரேக்கைத் தொடுவதில்லை. மணிக்கு 80 கிலோமீட்டருக்குக் ‘கவர்னர்’ (ஸ்பீடு லிமிட்டருக்கு நம் வழக்குப் பெயர்) பொருத்திய லாரி, தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் உருளத் தொடங்கினால், எஞ்சினை மட்டுமே அடக்கத் தெரிந்த அந்தக் கவர்னரால் ஒன்றும் செய்ய முடியாது. ‘தடுப்பி’ என்ற பெயர் அந்த ஓட்டுநருக்கு இல்லாத பாதுகாப்பை வாக்களிக்கிறது என்பதே என் முதன்மையான மறுப்பு. வேகத்தடை என்ற சொல் சாலை மேட்டுக்கு வழங்கிவிட்டதும் மற்றொரு காரணம்.

கவர்னர் என்ற வழக்குச் சொல்லும் சரியாகப் பொருந்தவில்லை. 1788-இல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினில் பொருத்திய கவர்னர், வேகம் குறைந்தால் நீராவியைக் கூட்டியும் மிகுந்தால் குறைத்தும் அதைச் சீராக வைத்தது. இன்று அந்த வேலையைச் செய்வது குரூஸ் கன்ட்ரோல்; ‘வேகக் கட்டுப்பாடு’ என்ற பெயர் அதற்கே பொருந்தும்.

‘வேக வரம்பி’ என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் கடத்தி, மின்மாற்றி முதலியவற்றில் இகர விகுதி வினையோடு சேர்கிறது; வரம்பு பெயர்ச்சொல் என்பதால், வரம்பி என்றால் வரம்பை உடையது என்றே பொருள்படும். ‘வரம்பு கட்டுதல்’ என்ற வினை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. எனவே வடிகட்டியைப் போல ‘வரம்புகட்டி’ என்று கொள்ளலாம். வயலில் கட்டிய வரம்பு, நீர் தன் உயரத்தை எட்டும்வரை அதன் போக்கில் குறுக்கிடுவதில்லை. இந்த ஏற்பாட்டின் இயல்பும் அதுவே. சாலைப் பலகையிலுள்ள ‘வேக வரம்பு’ என்பதோடு குழம்பாதிருக்க ‘உச்சவேக வரம்புகட்டி’ என முழுமையாக எழுதலாம். எஞ்சின் சுற்றுகளை அடக்குவதற்குச் ‘சுழல்வேக வரம்புகட்டி’ என்பதும் எளிதாகக் கிடைக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிய கார்கள் அனைத்திலும் கட்டாயமாகியுள்ள, சாலையின் வேக வரம்பை அறிந்து ஓட்டுநரை எச்சரிக்கும் ஏற்பாட்டை இச்சொல்லால் குறிக்கக் கூடாது. ஓட்டுநர் விரும்பினால் அதை மீறிச் செல்ல முடியும். அதற்கு ‘வரம்புணர்த்தி’ பொருந்துமா என்பதை அன்பர்கள் ஆராய்ந்து சொல்ல வேண்டுகிறேன்.