ரொறன்ரோ ரூஜ் பள்ளத்தாக்கு அயலில் கயோட்டி: எப்போது துரத்துவது, எப்போது விலகுவது?

மதி, ஸ்காபரோ
இளவேனில் வந்தால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "நாயோடு நடக்கப் போனால் கயோட்டி பின்னாலேயே வருகுது." கயோட்டி என்பது ஓநாய்க்குச் சொந்தமான, நாய்க் குடும்பத்துக் காட்டு விலங்கு. அது பெரும்பாலும் வேட்டைக்கு வருவதில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை இணை சேர்ந்து, ஏறத்தாழ 63 நாளில், ஏப்ரல், மே அளவில் குட்டி போடும். வளைக்குப் பக்கத்தால் நாய் போனால், தன் எல்லை தாண்டும்வரை கொஞ்சம் எட்ட நின்று கூடவே வந்துவிட்டுத் திரும்பும். அந்த நேரத்தில் கத்தித் துரத்தினால் இன்னும் கிட்ட வரும். குட்டியை விட்டுவிட்டு எங்கே போகும்? நாயைக் கிட்ட இழுத்துப் பிடியுங்கள். கயோட்டியைப் பார்த்தபடியே, வந்த வழியே மெல்லப் பின்வாங்குங்கள். ஓட வேண்டாம், ஓடினால் அதற்குத் துரத்தத்தான் தோன்றும். கோடை முடியும்வரை வேறு பாதையால் போங்கள்.

குமரன், மார்க்கம்
மதி அக்கா சொன்னதோடு லீஷ் (நாயைப் பிடித்து நடத்தும் வார்) விசயமும் சேர்க்க வேண்டும். ரொறன்ரோவில் 2 மீற்றருக்கு மேல் நீளக்கூடாது. இழுக்க இழுக்க நீளும் லீஷ் இந்தப் பக்கத்துக்குச் சரிவராது. நாய் 5 மீற்றர் முன்னால் பற்றைக்குள் நிற்கும்போது அதை இழுத்தெடுக்க நேரம் இருக்காது, மெல்லிய நாடாவைக் கையால் பிடித்தால் வெட்டும். சின்ன நாய் என்றால் தூக்கிவிடுங்கள்.

ஆனால் பின்வளவில் வந்து நின்றால் கதை வேறு. அங்கே துரத்தத்தான் வேண்டும். வெளியே வந்து, அது உங்களைப் பார்க்கும்படி நில்லுங்கள். யன்னலுக்குள் நின்று தட்டினால் சத்தம் யாருடையது என்று அதற்குத் தெரியாது. கைகளை உயர்த்தி உரத்துக் கத்துங்கள். சோடா ரின்னில் பத்துச் சில்லறைக் காசு போட்டு வாயை ரேப்பால் ஒட்டிக் கதவடியில் வைத்திருந்தால் குலுக்கலாம். குடையைப் படக்கென்று விரிப்பதும் தண்ணீர்க் குழாயால் அடிப்பதும் நல்லது. படலையை மறித்துக்கொண்டு நிற்காதீர்கள், அது வெளியேற வழி வேண்டும்.

பலரும் பிழைவிடுவது இதற்குப் பிறகுதான். கயோட்டி பத்தடி பின்வாங்கி, நின்று, திரும்பிப் பார்க்கும். "போய்விட்டுது" என்று கதவைச் சாத்தினால், பத்தடி போனால் போதும் என்று படித்துக்கொள்ளும். கண்ணுக்கு மறையும்வரை விடாதீர்கள். ஒரே சத்தத்துக்குப் பழகிவிடும், ஆதலால் மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

வானதி, ஸ்காபரோ
துரத்தியும் திரும்பத் திரும்ப வந்தால் வளவைப் பாருங்கள். விரதத்துக்குக் காகத்துக்கு வைத்த சோறு, பூனைக்கு வெளியே வைத்த சாப்பாடு, விழுந்து கிடக்கும் பெயார்ஸ், ஆப்பிள். பறவைத் தீனி சிந்தினால் எலி வரும், எலிக்குக் கயோட்டி வரும். 2023 ஏப்ரலில் இருந்து ரொறன்ரோவில் சொந்த வளவிலும் காட்டு விலங்குக்குத் தீனி போடத் தடை. இறைச்சிக் கழிவு போட்ட பச்சைத் தொட்டியை இரவே தெருவில் வைக்காமல் விடியத் தள்ளுங்கள்.

வேலி 1.8 மீற்றராவது வேண்டும். கயோட்டி தோண்டவும் செய்யும், அடியில் கம்பிவலையை 30 செ.மீ. புதைத்து வெளிப்பக்கமாக மடித்துவிடுங்கள்.

சிவா, பிராம்ப்டன்
இவ்வளவு கரைச்சல் எதற்கு? பிடித்துத் தூரத்தில் கொண்டுபோய் விட ஏலாதா?

மதி, ஸ்காபரோ
ஒன்ராறியோச் சட்டப்படி பிடித்த இடத்திலிருந்து 1 கி.மீ.க்கு அப்பால் விட முடியாது தம்பி. கொன்றாலும் வெறுமையான எல்லைக்கு இன்னொன்று வந்துவிடும். வான்கூவர் ஸ்ரான்லி பூங்காவில் 2020 டிசம்பர் தொடங்கி 40 பேருக்கு மேல் கடிபட்டார்கள். ஆட்கள் தீனி போட்டுப் பழக்கியதை அங்கே முக்கிய காரணமாகச் சொன்னார்கள். கடித்தால் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியரிடம் போக வேண்டும், விசர்நாய்க்கடி ஊசி தேவையா என்று அவர் சொல்வார்.

வானதி, ஸ்காபரோ
பகலில் கண்டால் விசர் என்று பயப்பட வேண்டாம், குட்டி வளர்க்கும் காலத்தில் பகலிலும் இரை தேடும். மயிர் கொட்டி, வால் எலிவால் மாதிரி மெலிந்திருந்தால் அது சொறி. அதைத் துரத்தாமல் நகரசபையின் 311 தொலைபேசி எண்ணுக்கு இடத்தையும் நேரத்தையும் சொல்லுங்கள். சொறிக்குக் கொடுக்கும் ஐவர்மெக்ரின் மருந்து கலந்த இறைச்சியை நீங்களாக வைக்காதீர்கள். யார் எவ்வளவு தின்றது என்று தெரியாது, அந்த மருந்து ஒத்துக்கொள்ளாத கொலி இன நாய் பக்கத்து வீட்டில் இருந்து வந்து தின்றால் உயிருக்கே ஆபத்து.