தீவன மூட்டையும் முட்டைக் காசும்: உங்க கணக்கு எப்படிங்க?

கோபி பக்கம், தோட்டத்துல 20 கோழி

கோழி வளத்தா காசு கொட்டுதுன்னு வீடியோ போடறவங்க தீவன மூட்டை விலைய மட்டும் காட்டவே மாட்டேங்கறாங்க, அதனால என்னோட கணக்க அப்படியே போடறனுங்க, நீங்களும் உங்களோடத போடுங்க. எங்கிட்ட இருக்கறது பழுப்பு முட்டை போடற பிவி 380ங்கற ரகக் கோழி. ஒரு கோழி நாளைக்கு 110 கிராம் தின்னும், 20 கோழிக்கு 2 கிலோ 200. லேயர் மாஷ்ங்கற முட்டைக்கோழித் தீவனம் 50 கிலோ மூட்டை எங்க ஊர்ல 1,800, அதாவது கிலோ 36. மாசத்துக்கு 66 கிலோ, 2,376 ரூபா தீவனத்துக்கே போயிருது. முட்டை நல்லா விடற காலத்துல நாளைக்கு 16 கிடைக்கும், ஒண்ணு 8 ரூபான்னு அக்கம்பக்கத்துல குடுக்கறேன், மாசம் 3,840. கழிச்சா 1,464 நிக்குது. இதோட நிறுத்திட்டா லாபம்தான். ஆனா 350 ரூபா குடுத்து வாங்கின கோழிய 14 மாசம் கழிச்சு கழிவுக்கு வித்தா 150தான் கிடைக்கும், அந்த 200 ரூபா நட்டத்த 20 கோழிக்கும் சேத்து மாசக்கணக்குல பிரிச்சா 285 போச்சு, தடுப்பூசி கரண்டுன்னு இன்னொரு நூறு. மிச்சம் ஆயிரத்து சொச்சம். வீட்டுல நாங்க நாலு பேரு ஆளுக்கு ஒரு முட்டை தின்னா அதுவே மாசம் 960 ரூபா முட்டை, ஆக எங்க லாபம்ங்கறது நாங்க தின்ன முட்டைதானுங்க, பணமா எதுவும் பையில விழல.

இன்னொண்ணு, 16 முட்டை வரும்போது ஒரு முட்டைக்கு தீவனச் செலவு 5 ரூபாகிட்ட. அதுவே 10 முட்டைக்கு இறங்கிட்டா கிட்டத்தட்ட 8 ரூபா, விக்கிற விலையும் அதே 8. தின்னறது மட்டும் பெருசா குறையறதில்ல பாருங்க.

சிவகங்கை, சிறுவிடை வளக்குற அக்கா

தம்பி நீங்க லேயர், அதாவது முட்டைக்கோழி, கணக்கு போட்டுட்டீங்க, நாட்டுக்கோழிக்கு இதே மாதிரி போட்டா தலை சுத்தும். சிறுவிடைங்கற இந்த நாட்டுக்கோழி ஒரு ஈத்துக்கு 12லேருந்து 15 முட்டை போடும், அப்புறம் அடைக்கு உக்காந்துடும், குஞ்சோட சுத்தும், வருஷம் பூரா கூட்டிப்பாத்தா 60 முட்டை வந்தா பெருசு. இத கூண்டுல அடைச்சு 80 கிராம் தீவனம் கிலோ 30 ரூபான்னு வாங்கிப் போட்டா வருஷத்துக்கு 876 ரூபா ஆகுது. 60 முட்டைய 15 ரூபான்னு வித்தாலும் 900. 24 ரூபாய்க்கு ஒரு வருஷம் கோழிப்பீ அள்ளணுமா சொல்லுங்க.

அதனால நான் முட்டைய விக்கிறதே இல்ல, அடை வச்சிருவேன். காலைல தொறந்து விட்டா குப்பையக் கிளறி கரையான், புழு, புல்லுன்னு மேஞ்சுக்கும், சாயங்காலம் அடையிற நேரத்துக்கு மட்டும் ஒரு கை கம்பும் நொய்யும், கைச்செலவு பாதிக்கு மேல கொறஞ்சிரும். குஞ்சுல பருந்து, கீரி, வெள்ளைக்கழிச்சல் நோய்னு பாதி போனாலும் மிச்சம் வளந்து கறிக்குப் போற காசு முட்டைல வராது. பெருசா முட்டை யாவாரம் பண்ணணும்னா நாட்டுக்கோழி அதுக்கு ஆவாது. டவுன்ல நாட்டுக்கோழி முட்டைன்னு விக்கிறதுல எவ்வளவு உங்க பிவி 380 போட்ட பழுப்பு முட்டைன்னு ஒருநாள் யாராச்சும் எண்ணிப் பாக்கணும் 😄

நாமக்கல், லேயர் பண்ணையில கணக்கு எழுதறவன்

உங்க ரெண்டு பேருக்கும் ஒரு சவுகரியம் இருக்கு, விலைய நீங்களே சொல்றீங்க. இங்க என்இசிசி (தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு) ரேட்டுன்னு ஒண்ணு வரும், வியாபாரி அதுல மைனஸ்னு கொஞ்சம் பைசா பிடிச்சுத்தான் எடுப்பாரு, பேப்பர்ல வர்ற விலை வேற பண்ணைக்காரர் கைக்கு வர்றது வேற. ஒரு லட்சம் கோழி இருக்கற பண்ணைன்னு வைங்க, நாளைக்கு 11 டன் தீவனம். கிலோவுக்கு ஒரே ஒரு ரூபா ஏறினா நாளைக்கு 11,000 ரூபா கூடுதல் செலவு. முட்டை 85,000 வருதுன்னா ரேட்டு 25 பைசா இறங்கின அன்னிக்கு 21,250 காணாமப் போயிரும். புரட்டாசில பாதி சனம் கவுச்சி தொடாது, முட்டை தேங்கும், கோழிக்கு புரட்டாசியாவது ஐப்பசியாவது, அது பாட்டுக்கு தின்னுட்டுத்தான் இருக்கும்.

செலவுல பெரும்பங்கு தீவனந்தான், நூத்துக்கு 65, 70 கூட வரும். அதுலயும் மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும் எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் பண்ணையும் சாயும். 2021ல சோயா ஏறின ஏத்தத்துல தூக்கம் போச்சு எல்லாருக்கும், அந்த ஆகஸ்ட்ல மத்திய அரசே 12 லட்சம் டன் சோயா புண்ணாக்க வெளிநாட்டுலேருந்து இறக்க அனுமதி குடுத்துச்சு. அப்புறம் எத்தனால் ஆலைங்க மக்காச்சோளத்துக்குப் போட்டிக்கு வந்துச்சு, முன்னாடி சோளம் வெளிய அனுப்பிட்டிருந்த நாடு 2024ல இறக்குமதி பண்ணற நிலைக்கு வந்துருச்சு. விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கறத நான் குத்தம் சொல்லல, குவிண்டாலுக்கு ஆதார விலை 2025-26ல 2,400, அவங்களுக்கும் கட்டுபடியாகணும்ல. ஆனா சோளம் ஏறின வேகத்துல முட்டை ஏறாது, அதுதான் இங்க பிரச்சினை. சில மாசம் எரு வித்த காசுல சம்பளம் குடுத்த பண்ணையெல்லாம் இருக்குங்க.

திண்டுக்கல், 200 லேயர்

நானே அரைச்சுத்தான் போடறேன் பாஸ். 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 50, சோயா புண்ணாக்கு 22, எண்ணெய் எடுத்த தவிடு 15, கிளிஞ்சல் 9, உப்பில்லா கருவாடு 2, மினரல் மிக்சர் உப்பெல்லாம் சேத்து 2. நான் வாங்கற விலைல அரவைக் கூலியோட கிலோ 32 கிட்ட நிக்குது, கடை மூட்டைய விட 4 ரூபா கம்மி. 200 கோழிக்கு மாசம் 660 கிலோ, 2,640 ரூபா மிச்சம், அதனால நான் அலையறேன். 20 கோழி வச்சிருக்கற அண்ணாவுக்கு இது 264 ரூபாதான், சோளம் தேடி மில்லுக்குப் போய் வர்ற பெட்ரோலுக்கே சரியா இருக்கும், பேசாம மூட்டையே வாங்குங்க. சோளம் மலிவா கிடைக்குதுன்னு ஈரமா, பூஞ்சை பிடிச்சத மட்டும் எடுத்துடாதீங்க, அந்த விஷம் ஈரல்ல அடிக்கும், முட்டை பாதியாயிரும், அப்புறம் எந்தக் கணக்கும் நிக்காது. கிளிஞ்சல்லயும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க, ஓடு மெலிஞ்சு ட்ரேயிலயே உடையும். கத்திரி வெயில்ல கோழி தீவனம் கம்மியா எடுக்கும், அப்போ கிளிஞ்சல தனியா ஒரு தட்டுல வச்சிருங்க.

அப்புறம் பீடர, அதான் தீவனத் தொட்டிய, ரொம்ப வழிய ரொப்பாதீங்க, மூணுல ஒரு பங்கு போதும். அலகால தட்டித் தட்டி கீழ இறைக்கறத பெருக்கி எடை போட்டுப் பாத்தா அழுகை வரும், மிச்சத்த ராத்திரி எலி பாத்துக்கும்.

சிவகங்கை அக்கா

கோபி தம்பி, 16 முட்டைலேருந்து இறங்க ஆரம்பிச்சா எல்லாக் கோழியும் கொறைக்கிறதா நெனச்சுக்காதீங்க, நாலஞ்சு சுத்தமா நிறுத்தியிருக்கும், மத்தது போட்டுட்டுத்தான் இருக்கும். அந்த நாலஞ்சையும் தேடிப் பிடிக்கணும். கொண்டை வெளுத்து சுருங்கியிருக்கும். பின்பக்கம் முட்டை வர்ற வாய்க்கிட்ட ரெண்டு எலும்பு முனை தட்டுப்படும், நடுவுல ரெண்டு மூணு விரல் தாராளமா நுழைஞ்சா முட்டை விடுது, ஒரு விரலுக்கே இடுக்கினா நிறுத்திருச்சு. ஆனா எறகு உதுத்துக்கிட்டு இருக்குற கோழின்னா அவசரப்படாதீங்க, எறகு மொளைச்சதும் திரும்பப் போடும்.

கோபி பக்கம்

இது தெரியாம மொத்தமா வித்துரலாம்னு வியாபாரிகிட்ட பேசிட்டு இருந்தனுங்க அக்கா. 11 முட்டைல நிக்குது இப்போ, நாலு கோழிய எடுத்துட்டா நாளைக்கு 440 கிராம், மாசம் 475 ரூபா தீவனம் மிச்சமாகும், முட்டை அதே 11. சாயங்காலம் அடைஞ்சதும் ஒவ்வொண்ணா தூக்கிப் பாத்துட்டு வந்து எழுதறேன். அந்த நாலையும் உயிர் எடைக்கு குடுக்கறதா, இல்ல நாயித்துக்கிழமை வீட்டுலயே அறுக்கறதா? லேயர் கறி வேக ரெண்டு மணி நேரம் ஆகும்னு வீட்டுல இப்பவே மொறைக்கறாங்க.

திண்டுக்கல், 200 லேயர்

குக்கர்ல 10 விசில் விடுங்க அண்ணா, குழம்புக்கு அந்தக் கறிதான் ருசி.