காசு செலவில்லாமல் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் பார்த்ததில் மனசை விட்டுப் போகாதது எது?

சூளகிரிக்காரன்:
எனக்கு சூளகிரிப் பக்கம் மல்லச்சந்திரம் மலையில் இருக்கிற கல்திட்டைகள்தான். பழங்காலத்தில் இறந்தவர்களுக்காகப் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடிக் கட்டிய அறைகள் அவை. மாசி மாதம் விடிகாலையில் அண்ணன் மகனோடு மலை ஏறினேன். ஒரு பெரிய திட்டைக்குள் குனிந்து நுழைந்தால், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த இடுக்கு வழியாக வெயில் உள்ளே வந்து, சுவரில் வெள்ளையாகத் தீட்டிய மனித உருவங்கள் மேல் விழுந்தது. பையன் கை நீட்டிவிட்டான். வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி, "தொடாதே கண்ணு, தொட்டுத் தொட்டுத்தான் பாதி அழிஞ்சு போச்சு" என்று சத்தம் போட்டார். பக்கத்துத் திட்டையில் எவனோ செங்கல்லால் தன் பெயரையும் ஒரு பெண் பெயரையும் கிறுக்கி வைத்திருக்கிறான். அங்கே காவலுக்கு ஆள் இல்லை, அந்தப் பாட்டிதான் காவல். அவர் மேய்ச்சலுக்கு வராத நாளில் என்ன ஆகும் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

டேம் ரோடு அக்கா:
நல்ல இடம்தான் தம்பி, ஆனால் வண்டி இல்லாதவர்கள் எப்படிப் போவார்கள்? கிருஷ்ணகிரி டவுனில் இருப்பவர்களுக்கு, தென்பெண்ணை ஆற்றில் கட்டியிருக்கிற கேஆர்பி அணைதான். பூங்காவுக்குள் போகாமல் ரோட்டோரமாக நின்று பார்த்தாலே போதும். எனக்கு மறக்காதது 2017 நவம்பர் கடைசியில் முதல் மதகு உடைந்த சமயம். 52 அடி அணை, அப்போது கிட்டத்தட்ட நிறைந்திருந்தது. ஊரே பார்க்கக் கிளம்பியது, நானும் போனேன். தண்ணீர் வெளியேறும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். காவேரிப்பட்டணம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மட்டும் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். என்னங்கய்யா என்று கேட்டேன். "தை நடவுக்கு வெச்சிருந்த தண்ணிம்மா இது" என்றார். அவ்வளவுதான், திரும்பி நடந்துவிட்டார். இந்த அணையை நம்பிச் சுமார் 9,000 ஏக்கர் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் அணை நிறைந்தது என்று செய்தி வரும்போது அந்தத் துண்டுதான் கண் முன்னால் வருகிறது.

தகடூர் வாசகன்:
அக்கா, தப்பாக நினைக்காதீங்க. அன்றைக்கு நடந்தது விபத்து. அதைப் பொழுதுபோக்குக் கணக்கில் சேர்ப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கீழே ஆற்றோரம் இருந்தவர்கள் மூட்டை முடிச்சோடு மேட்டில் உட்கார்ந்திருந்தபோது பாலத்தில் கூட்டம் நின்றது. இப்போதும் மதகு திறந்தால் தரைப்பாலத்தில் இறங்கிப் படம் எடுக்கிறார்கள். தென்பெண்ணையில் வெள்ளம் வரும்போது அந்தப் பக்கமே போகாதீங்க என்றுதான் நாம் சொல்ல வேண்டும்.

என் பங்குக்கு: தர்மபுரி கோட்டைக் கோயிலில் தொங்கும் தூண். ஒரு ஆத்தா செய்தித்தாளை மடித்துத் தூணுக்கு அடியில் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் இழுத்துக் காட்டினார். கண்ணால் பார்த்தும் நம்பக் கஷ்டமாக இருந்தது.

டேம் ரோடு அக்கா:
வேடிக்கையைப் பெருமையாக நான் எழுதவில்லை தம்பி. அந்தப் பெரியவரைப் பற்றித்தான் எழுதினேன்.

பாரதக் கூத்துப் பைத்தியம்:
கல், அணை, தூண் எல்லாம் சரி. நம்ம ஜில்லாக்களில் விடிய விடியக் காசில்லாமல் கிடைப்பது தெருக்கூத்து, அதை யாருமே சொல்லவில்லையே! பென்னாகரம் பக்கம் ஒரு திரௌபதி அம்மன் கோயில். பாரதக் கதையைப் பதினெட்டு நாள் ஆடுவார்கள், அன்று துகில், அதாவது பாஞ்சாலியின் புடவையை உரியும் கதை. துச்சாதனன் வேஷக்காரர் கட்டை கட்டிக்கொண்டு குதித்து வந்தார், பாஞ்சாலியின் முந்தானையைப் பிடிக்கப் போனார், சட்டென்று நின்றுவிட்டார். முகவீணை நின்றது, மிருதங்கமும் நின்றது. தட்டில் கற்பூரம் வந்தது. அதுவரை அதட்டிக்கொண்டிருந்த மனுஷன் கை கூப்பி, "தாயே, நான் கூத்தாடி, வயித்துப் பொழைப்புக்குப் புடவையத் தொடறேன், என் குடும்பத்தக் காப்பாத்து" என்று நிஜக் குரலில் வேண்டினார். அரிதாரத்தின் மேல் கண்ணீர் கோடு இறங்கியது. பாஞ்சாலி வேஷம் கட்டியவரும் ஆண்தான், அவருக்கும் கை நடுங்கியது. என் பக்கத்தில் பாயில் படுத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்தார்கள். கும்பிட்டு முடித்த மறு நிமிஷம் மறுபடி துச்சாதனன் ஆகி உறுமினார் பாருங்கள், அந்த மாற்றத்தை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை.

பாலக்கோடு பஸ்:
நானும் படுகளம் பார்த்திருக்கிறேன், பாரதம் முடிகிற அன்று துரியோதனன் சாகும் கட்டம். மண்ணால் செய்த துரியோதனன் தொடையில் பீமன் அடித்ததும் எங்கள் பெரியம்மா ஓவென்று அழுதுவிட்டார். மேலே எழுதியவர் ஆசையைக் கிளப்பிவிட்டார், ஆனால் புதிதாகப் போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லியே ஆக வேண்டும். சித்திரை பிறந்ததும் பஸ் ஸ்டாண்டுச் சுவர்களைப் பாருங்கள், எந்த ஊரில் பாரதம் என்று நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். ஆடி வரைக்கும் எங்காவது நடக்கும். பத்து மணிக்கே போய்க் காத்திருக்க வேண்டாம். வேஷம் எல்லாம் வந்து கதை சூடு பிடிக்க நள்ளிரவு ஆகும். கடைசி பஸ்ஸை நம்பிப் போனால் காலை முதல் பஸ் வரை இருக்கிற மாதிரி போங்கள், நடுவில் கிளம்பினால் வண்டி கிடையாது. ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் எதிரே உட்காராதீங்க. பாயும் போர்வையும் கட்டாயம், கோடையிலும் மூணு மணிக்கு மேல் பனி இறங்கும். வேஷம் போடும் இடத்தில் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. மைக்கில் பெயர் சொல்லி அன்பளிப்பு வாங்குவார்கள், முடிந்ததைக் கொடுங்கள், பார்ப்பதுதான் இலவசம், ஆடுகிறவர்களுக்கு அது இரவு முழுக்க உழைப்பு. குழந்தைகளை துகில் அன்றைக்கு விட பகாசுரன் அன்றைக்குக் கூட்டிப் போங்கள். சோற்று வண்டியில் பீமன் தெருத்தெருவாக வருவார், அவர்களுக்கு அதுதான் பிடிக்கும்.

சூளகிரிக்காரன்:
அண்ணன் மகனுக்கு இதைப் படித்துக் காட்டினேன், பகாசுரன் வண்டிக்கு இப்போதே கேட்கிறான். அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவது ஓசூர் ரோட்டுப் பக்கம் எந்த ஊரில் என்று தெரிந்தவர்கள் எழுதுங்க. அப்புறம், மல்லச்சந்திரம் போகிறவர்கள் அந்தப் பாட்டியைப் பார்த்தால் நல்லா இருக்கிறாரா என்று ஒரு வார்த்தை சொல்லுங்க.