காற்றைச் சேர்த்தால் பயண நேரம் தலைகீழாக வருகிறது (டோக்கியோ – லாஸ் ஏஞ்சலஸ் வழிக் கணக்கு)

காற்றாடி:
வணக்கம். நீண்ட தூர விமானங்களுக்கு நேரம் குறைவான வழியைக் கண்டுபிடிக்க பைத்தானில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருக்கிறேன். டோக்கியோ – லாஸ் ஏஞ்சலஸ் சுமார் 4,750 கடல் மைல். காற்றே இல்லையென்று வைத்து 480 நாட் (மணிக்கு 480 கடல் மைல்) வேகத்தில் போட்டால் 10 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அது சரி. ஜனவரி மாதத்து 250 ஹெக்டோபாஸ்கல் (விமானங்கள் பறக்கும் உயரத்துக் காற்றழுத்த மட்டம்) காற்றுத் தரவைச் சேர்த்ததும், டோக்கியோவிலிருந்து போக பதினொன்றரை மணி, திரும்பி வர ஒன்பது மணி என்கிறது. நிஜத்தில் நேர்மாறு, கிழக்கே போகும்போதுதானே ஜெட் ஸ்ட்ரீம் (உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் வேகமான காற்றோட்டம்) தள்ளிவிடும்? தரவில் ஒரு வரி இப்படி இருக்கிறது: 35 வடக்கு, 150 கிழக்கு, திசை 265, வேகம் 148 நாட். எங்கே இடிக்கிறது?

வானிலைப்பித்தன்:
அந்த 265-லேயே விடை இருக்கு. வானிலைத் தரவில் திசை என்றால் காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசை. வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணும் டிகிரியில் 265 என்றால் கிட்டத்தட்ட மேற்கு, அதாவது காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிறது. விமானத்தின் திசையோ அது போகிற பக்கம். இரண்டையும் ஒரே மாதிரி எடுத்தால் முதுகில் தள்ளுகிற காற்று முகத்தில் அடிக்கும். சைன், கோசைன் இரண்டுக்கும் முன்னால் மைனஸ் போடுங்க. குளிர்காலத்தில் ஜப்பானுக்குக் கிழக்கே 148 நாட் சாதாரணம்தான், தரவில் சந்தேகம் வேண்டாம். அங்கே மேலே இப்படியொரு பலத்த காற்று இருப்பதை 1920-களிலேயே பலூன் விட்டு அளந்தவர் ஜப்பானிய வானிலை அறிஞர் வசபுரோ ஓஇஷி.

நீலவான்:
போகும்போது லாபம், வரும்போது நட்டம், மொத்தத்தில் சமமாகிவிடும். சும்மா பார்க்கத்தான் என்றால் காற்றையே விட்டுவிடலாமே?

வானிலைப்பித்தன்:
சமமாகாதுங்க. 4,800 கடல் மைல், 480 நாட், காற்று 100 நாட் என்று போட்டுப் பாருங்க. போக 580 நாட், அதாவது சுமார் 8.3 மணி. வர 380 நாட், சுமார் 12.6 மணி. மொத்தம் 20.9, காற்றில்லாவிட்டால் 20. எதிர்காற்றில் மெதுவாகப் போவதால் அதிலேயே அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம். குறுக்குக் காற்றும் சும்மா விடாது. 100 நாட் நேர்ப் பக்கவாட்டில் அடித்தால், வழி விலகாமலிருக்க மூக்கைத் திருப்பியே பறக்கணும். 480-இல் சுமார் 470தான் மிஞ்சும்.

காற்றாடி:
மைனஸ் போட்டதும் நேரங்கள் இடம் மாறிவிட்டன, மிக்க நன்றி! ஆனால் வழி சரியில்லை. வலைப்புள்ளிகளாகப் பிரித்து டைக்ஸ்ட்ரா (புள்ளிகளுக்கிடையே மிகக் குறைந்த செலவுள்ள வழியைத் தேடும் முறை) ஓட்டுகிறேன்; போகவும் வரவும் ஒரே கோடுதான் வருகிறது. நிஜ விமானங்கள் கிழக்கே போகும்போது தெற்கே இறங்கி ஜெட்டில் ஏறிக்கொள்கின்றன, மேற்கே வரும்போது வடக்கே அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகள் பக்கம் ஒதுங்குகின்றன.

வழித்திட்டம்:
புள்ளி அ-விலிருந்து ஆ-வுக்கு ஆகும் நேரத்தை ஒரு தடவை கணக்கிட்டு இரு திசைக்கும் அதையே வைத்திருக்கிறீர்களா? காற்றில் அது செல்லாது, திசைக்கொரு நேரம் வேண்டும். கணிதவியலாளர் எர்ன்ஸ்ட் செர்மெலோ 1931-இல் எழுதிய கணக்கின் சாரமே இதுதான்: காற்றில் குறைந்த தூரமும் குறைந்த நேரமும் வேறு வேறு. விமான நிறுவனங்களில் வழி போடும் டிஸ்பாட்சர்கள் தரைத் தூரத்தைவிடக் காற்றுத் தூரத்தைத்தான் பார்ப்பார்கள். பறக்கும் நேரத்தைச் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த விமான வேகத்தால் (இங்கே 480 நாட்) பெருக்கினால் அது கிடைக்கும். தரையில் 200 மைல் சுற்றினாலும் காற்றுத் தூரம் குறைந்தால் எரிபொருள் மிச்சம்.

வட அட்லாண்டிக்கில் தடங்களே தினமும் காற்றைப் பார்த்து மாறும். மேற்கே போகும் பகல் தடங்களை ஷான்விக் (பிரிட்டன், அயர்லாந்து பக்கத்து விமானக் கட்டுப்பாட்டு மையம்), கிழக்கே போகும் இரவுத் தடங்களை கேண்டர் (கனடா பக்கத்து மையம்) வெளியிடும். 2020 பிப்ரவரியில் ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 5 மணிக்கும் குறைவாகப் போய்ச் சேர்ந்தது. கியாரா புயலோடு வந்த ஜெட் தள்ளியது.

காற்றாடி:
அதேதான், இரு திசைக்கும் ஒரே எண்ணை வைத்திருந்தேன். பிரித்ததும் மேற்கு வழி வடக்கே நகர்ந்துவிட்டது. கிழக்கு வழி மட்டும் ஜெட்டின் நட்டநடுவை விடாமல் ஒட்டிக்கொண்டே போகிறது. அப்படித்தான் பறப்பார்களா?

வழித்திட்டம்:
எப்போதும் இல்லை. ஜெட்டின் ஓரங்களில், குறிப்பாகக் குளிர்ந்த பக்கத்தில், காற்றின் வேகம் சட்டென மாறும். தெளிந்த வானத்திலேயே குலுக்கல் வரும். முன்னறிவிப்பு மோசமாக இருந்தால் சில நிமிடங்களை விட்டுக்கொடுத்து விலகிப் போவோம். உயரத்தையும் சேருங்கள். 250 ஹெக்டோபாஸ்கல் சுமார் 34,000 அடி, 200 என்றால் சுமார் 39,000. எரிபொருள் நிரம்பிய விமானம் எடுத்த எடுப்பில் 39,000 ஏறாது. எரிந்து எடை குறையக் குறையப் படிப்படியாக ஏறும். ஆகவே முதல் சில மணி நேரத்துக்குக் கீழ் மட்டக் காற்றையே எடுங்கள். கிளம்பும் நேரத்துக் காற்றை மொத்தப் பயணத்துக்கும் வைக்கவும் வேண்டாம். ஒவ்வொரு புள்ளியையும் எந்த மணிக்குத் தொடுகிறதோ, அந்த மணிக்கான முன்னறிவிப்பு வேண்டும்.