துண்டுக்குள்ளே யார் கை?

மேக்காட்டான்: "கால்நடை வளர்க்கும் பெண்களுக்கு ஆயிரம் தடை" என்று நேற்று ஒருவர் இந்தக் குழுவில் பதிவு போட்டு நீட்டி முழக்கியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல். எங்கள் ஊரில் மாடு பூராவும் பெண்கள் கையில்தான். சாணி அள்ளுவது, தீவனம் வைப்பது, பால் கறப்பது எல்லாம் அவர்களே. இதில் தடை எங்கே?

செவலைக்காரி: அந்த 'ஒருவர்' நான்தான் தம்பி, பேரைச் சொல்லியே திட்டலாம். சாணி அள்ளுவதை யாரும் தடுக்கவில்லை. நான் கேட்டது சந்தையை. புளியம்பட்டி வியாழக்கிழமைச் சந்தையில் தரகர் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுகிறார். அதற்குள் நான் கையை விட முடியுமா? கன்றிலிருந்து நான் வளர்த்த மாடு என்ன விலைக்குப் போனது என்பதைக் கொழுந்தனார் வீட்டுக்கு வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மேக்காட்டான்: துண்டு போடுவதெல்லாம் அந்தக் காலம் அக்கா. இப்போது வாட்ஸ்அப்பில் படம் போட்டே விற்கிறார்கள்.

பொய்கையார்: எது அந்தக் காலம்? செவ்வாய்க்கிழமை எங்கள் பொய்கை மாட்டுச் சந்தைக்கு வந்து பாருங்கள். துண்டு இருக்கிறது. ஆனால் அது பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியக்கூடாது என்பதற்காக. பெண்களை ஒதுக்க இல்லை.

செவலைக்காரி: பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரிய வேண்டாம், சரி. மாட்டுக்காரிக்குமா?

மேக்காட்டான்: 2011-ல் அரசு விலையில்லாமல் கறவை மாடும், வீட்டுக்கு நாலு ஆடும் கொடுத்ததே, யார் பேரில்? பெண்கள் பேரில்தானே? அப்போது இனித்ததா?

செவலைக்காரி: பேரில் மட்டும்! எங்கள் பால் சொசைட்டி அட்டை வீட்டுக்காரர் பேரில், பால் காசும் அவர் கணக்கில். பாலில் டிகிரி (அடர்த்தி அளவு) குறைந்தால் மட்டும் "தண்ணி ஊத்தினியா" என்று என்னிடம் கேட்கிறார்கள். மாட்டுக்குச் சினை பிடிக்க ஊசி போட வருகிறவர் வாசலில் நின்று "வீட்டில் ஆம்பளை இல்லையா" என்கிறார். ஏன், ஊசி ஆம்பளைக்கா போட வேண்டும்? அதை விடுங்கள். துண்டுக்குப் பதில் சொல்லுங்கள்.

மேக்காட்டான்: போன மாதம் காங்கேயம் மாட்டை நக்கல் அடித்தவர்தானே நீங்கள்? உங்களிடம் என்ன பேசுவது?

பொய்கையார்: காங்கேயம் நாளைக்கு மூன்று லிட்டர் கறந்தாலே பெரிது. அவர் சொன்னதில் என்ன தப்பு?

மேக்காட்டான்: அது உழவு மாடு ஐயா! ஜெர்ஸியைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களுக்கு எங்கே புரியப் போகிறது?

பொய்கையார்: ஐயாவா? உங்களைவிட எனக்கு வயது குறைவு.

செவலைக்காரி: ஜெர்ஸியோ காங்கேயமோ, துண்டு ஒன்றுதான். தம்பி, உங்கள் அம்மா எந்த மாட்டையாவது சந்தையில் நின்று விலை பேசி விற்றிருக்கிறாரா?

மேக்காட்டான்: அம்மாவை எதற்கு இழுக்கிறீர்கள்? அவருக்குச் சந்தைக்குப் போகப் பிடிக்காது.

செவலைக்காரி: கேட்டீர்களா?

மேக்காட்டான்: காங்கேயம் பற்றிப் பேசியதற்கு முதலில் மன்னிப்புக் கேளுங்கள், அப்புறம் சொல்கிறேன்.