பிகோஸ் வசனத்துக்கு என்ன பேர் வைக்கிறது?

வெள்ளவத்தை டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை ஓ/எல் (சாதாரண தர) வகுப்புக்கு டியூட், அதான் பாடக்குறிப்புத் தாள், அடிக்கக் குடுக்கோணும், அவசரம். தலைப்பு, இங்கிலிஷ்ல காரணம் சொல்ற வசனங்கள். பிகோஸ், சின்ஸ், ஆஸ் எல்லாத்தையும் "காரணம்" எண்டு ஒரே தலைப்புக்க போட்டா பிள்ளையள் குழம்புதுகள். "மழை பெஞ்சபடியால் ரோட்டு நனைஞ்சிருக்கு", இது பிகோஸ். "மழை பெஞ்சிருக்கு, ஏனெண்டா ரோட்டு நனைஞ்சிருக்கு", இதுவும் பிகோஸ். ஆனா ரோட்டு நனைஞ்சதாலயோ மழை வந்தது? நான் அப்பிடிச் சொல்றதுக்குத்தான் அது காரணம். ரெண்டாவதுக்கு இங்கிலிஷ்காரன் பிகோஸுக்கு முன்னால பெரும்பாலும் ஒரு கொமா போடுவான், அவ்வளவுதான் வித்தியாசம். இந்த ரெண்டுக்கும் ரெண்டு பேர் வேணும்.

தெஹிவளை ஐயா:
பிள்ளை, புதுசா ஏன் தேடுறீங்கள், எங்கட ஆக்கள் எப்பவோ வச்சிட்டுப் போட்டினம். ஏது எண்டா காரணம், தண்டியலங்காரம் எண்ட அணியிலக்கண நூல் ஏது அணியைக் காரகம், ஞாபகம் எண்டு ரெண்டாப் பிரிக்குது. ஒண்டை விளைவிக்கிறது காரக ஏது, ஒண்டை அறிவிக்கிறது ஞாபக ஏது. மலையில புகையைக் கண்டிட்டு நெருப்பிருக்கு எண்டுறம் பாருங்கோ, அது ஞாபக ஏது, உங்கட ரோட்டும் அதுதான். நன்னூலும் ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது எண்டு பொருள் சொல்லுது, "கல்வியிற் பெரியன் கம்பன்" பள்ளிக்கூடத்தில படிச்சிருப்பீங்கள். இன்னொண்டு, ஏது வடசொல் எண்டு ஒருத்தர் இப்ப வருவார், ஏன், எது, எதனால், ஏது எல்லாம் ஒரே வேர்தான் எண்டு நான் கனகாலமாச் சொல்லிக்கொண்டு வாறன், எழுத வெளிக்கிட்டா பத்துப் பக்கம் வரும்.

பம்பலப்பிட்டி:
வந்துவிட்டேன் ஐயா. ஒலி ஒத்தால் வேர் ஒன்றாகிவிடாது. இது ஹேது, வடசொல்லேதான். காரகம், ஞாபகம், காரணம் எல்லாமே வடமொழி. "நோய்நாடி நோய்முதல் நாடி" என்றாரே வள்ளுவர், அங்கே முதல் என்றால் என்ன? காரணம்தானே. விளைமுதல், அறிமுதல் என்று வையுங்கள். வாய்க்கும் இலகு.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
சேர், என்ட மாமாவுக்கு புறக்கோட்டைல கடை இருக்கு, அங்க முதல்னா போட்ட காசு. கணக்குப் பாடமா இங்கிலிஷ் பாடமானு புள்ளைங்க கேக்கும். ஞாபகம்னா மறதிக்கு எதிர்ச்சொல், அதுவும் சரிவராது. நம்ம புத்தகத்துல ஒட்சிசன்னு படிச்சிட்டு இந்தியா வீடியோல ஆக்சிஜன்னு கேக்குறதுக்கே ரெண்டு நாள் போகுது, இங்க ரசாயனவியல் அங்க வேதியியல், இதுல இது வேறயா? வெறும் முதலாம் பிகோஸ், ரெண்டாம் பிகோஸ்னு போட்டா என்ன?

பம்பலப்பிட்டி:
அப்படியானால் தமிழில் டியூட் எதற்குத் தம்பி?

வெள்ளவத்தை டீச்சர்:
சண்டை வேண்டாம், அலுவலுக்கு வாங்கோ. எனக்கு இன்னொரு தலையிடி. "ஷீ டிட்ன்ட் மேரி ஹிம் பிகோஸ் ஹீ வோஸ் ரிச்." பணக்காரன் எண்டபடியால் கட்டேல்லயோ, கட்டினது பணத்துக்காக இல்லையோ? ரெண்டு விதமாயும் வாசிக்கலாம். தமிழ்ல வசனமே மாறிடும், தொல்லையில்ல. பிறகு, "வை?" எண்டு கேட்டா பிகோஸ் மட்டும்தான் மறுமொழியா வரும், சின்ஸும் ஆஸும் வராது, இதுவும் டியூட்ல வரோணும். பேருக்கு நான் இப்ப யோசிக்கிறது, விளைவுக் காரணம், ஊகக் காரணம்.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
ஊகக் காரணம் சூப்பர் டீச்சர். கேட்டவுடனே வெளங்குது.

தெஹிவளை ஐயா:
விளைவுக் காரணம் எண்டா விளைவோ காரணமோ எண்டு ஒருத்தன் கேப்பான். "விளை காரணம்" எண்டு வினைத்தொகையா வையுங்கோ. ஊகத்துக்கு நான் மறுப்பில்ல, ஆனா அடிக்குறிப்பில ஞாபக ஏது எண்டு ஒரு வரி போடோணும், ஏ/எல்லுக்கு (உயர்தரத்துக்கு) தமிழ் எடுக்கிற பிள்ளைக்கு உதவும்.

வெள்ளவத்தை டீச்சர்:
சரி ஐயா. விளை காரணம், ஊகக் காரணம், அடிக்குறிப்பும் இருக்கு. மூண்டு பேர் ஓம் எண்டாச்சு, நான் அடிக்கக் குடுக்கிறன்.

பம்பலப்பிட்டி:
ஊகமும் வடசொல்தான். என் மறுப்பைப் பதிந்து வையுங்கள்.