டிஸ்கிரிடைசேஷன் எரர்: கண்ணளவுப் பிழையா, கூறாக்கப் பிழையா?

கடலூர் முதுநகரிலிருந்து:

நண்பர்களே, வணக்கம். ஒரு பொருளைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடும்போது (ஃபைனைட் எலிமென்ட் முறை) விடை சற்று விலகுகிறதே, அந்த டிஸ்கிரிடைசேஷன் எரருக்குத் தமிழில் ‘பிரிநிலைப் பிழை’ என்று நம் குழுவின் போன மடலில் வந்தது. பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அதைக் கேட்கிற பையனுக்கு எங்கே கை வைப்பது என்று தெரியாது. ‘கண்ணளவுப் பிழை’ என்று வைப்போமா?

இங்கே துறைமுகத்தில் நெத்திலி வலைக்குக் கண் சிறிது, வஞ்சிர வலைக்குப் பெரிது. பொருளைக் கூறுகளாகப் பிரிக்கிற மெஷ்ஷும் அப்படித்தான், கண் பெரிதானால் தகைவின் (ஸ்ட்ரெஸ், அதாவது பொருளுக்குள் ஓரலகு பரப்பில் விழும் விசையின்) ஏற்ற இறக்கம் நழுவிப் போய்விடும். (‘கண்ணி’ வேண்டாம், கண்ணிவெடிதான் நினைவுக்கு வருகிறது.) கூறுகள் சந்திக்கிற புள்ளியான நோடுக்குக் ‘கணு’ என்பதில் சண்டையே இல்லை, நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பைப் பார்த்த யாரும் மறுக்க மாட்டார்கள்.

நடுவில் சிறு வட்டத் துளையுள்ள அகலமான தகட்டை இருபுறமும் இழுத்தால் துளை விளிம்பில் தகைவு மூன்று மடங்காகும். 1898-இல் ஜெர்மன் பொறியாளர் கிர்ஷ் கணக்கிட்டது இது. வகுப்பில் நேரியல் கூறுகளை (உள்ளே இடப்பெயர்ச்சி நேர்கோடாக மாறுவதாகக் கொள்பவை) வைத்துப் பெரிய கண் போட்டோம்: 3-க்குப் பதில் 2.3 வந்தது. கண்ணைப் பாதியாக்கினோம், 2.6. இன்னும் பாதி, 2.8. பிழை ஏறக்குறையப் பாதி பாதியாகக் கரைகிறது.

அப்புறம் ஒரு பையன் ‘ட’ வடிவத் தாங்கியின் உள்மூலையைக் கூராகவே விட்டுக் கண்ணைச் சுருக்கிக்கொண்டே போனான். தகைவு ஏறிக்கொண்டே இருந்தது, நிற்கவே இல்லை. நிஜத் தாங்கியில் அங்கே சின்ன வளைவு இருக்கும். வரையும்போது அதை விட்டுவிட்டான். இது மாடலிங் எரர், பொருளையே தப்பாக வரைந்ததால் வந்த பிழை, எந்த நெத்திலி வலையாலும் தீராது. ‘கண்ணளவு’ என்று பேரிலேயே மருந்து இருந்தால் இந்த இரண்டு பிழையையும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

‘பிழை’ என்றால் யாரோ தப்பு செய்தது போல இருக்கிறது, ‘விலக்கம்’ என்போம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைத் திட்ட விலக்கம் என்று புள்ளியியல்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். பிழை இருக்கட்டும், அது எவ்வளவு என்று பார்க்காமல் விடுவதுதான் தவறு. 1991-இல் நார்வேயில் ஸ்லைப்னர் ஏ எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளம் மூழ்கியதே, அதன் சுவரில் வெட்டுத் தகைவு (ஷியர் ஸ்ட்ரெஸ்) இதே கூறு முறைக் கணக்கில் 47% குறைவாகக் கணக்கிடப்பட்டிருந்தது.

புதுச்சேரியிலிருந்து:

கண் உவமை பிடித்திருக்கிறது ஐயா. ஆனால் கண்ணைத் தொடாமலே கூறுக்குள் நேர்கோட்டுக்குப் பதில் வளைகோடான இருபடிச் சார்பு போட்டாலும் இதே பிழை குறையுமே! உங்கள் துளைத் தகட்டிலேயே போட்டுப் பாருங்கள். அப்போது கண்ணளவு எங்கே போயிற்று? தொடர்ச்சியாக இருப்பதைக் கூறுகளாக்கியதால் வருகிற பிழை இது. ‘கூறாக்கப் பிழை’ என்றால் இரண்டு வைத்தியத்துக்கும் இடம் இருக்கும்.

மறுபடி கடலூர்:

போட்டுப் பார்த்தேன். பழைய பெரிய கண்ணிலேயே 2.9 வந்துவிட்டது. சரி, கூறாக்கப் பிழையே இருக்கட்டும். மெஷ் சைஸுக்குக் ‘கண்ணளவு’ என்பதை மட்டும் விடமாட்டேன்.